பிரின்டருக்கு வீட்டு நம்பர் என்ன? - ஓர் ஆடிட்டர் ஆபீஸ் எழுதிய நம்பர் நோட்டு

"பிரின்ட் வரலை..."

ஏழெட்டுப் பேர் வேலை பார்க்கும் எந்தச் சின்ன அலுவலகத்திலும் வாரத்துக்கு ஒரு முறையாவது கேட்கிற குரல் இது. கேட்டதும் எல்லா இடத்திலும் ஒரே வைத்தியம்தான். பிரின்டரை அணைத்துப் போடுவார்கள். வயரைப் பிடுங்கிச் சொருகுவார்கள். அதற்கும் மசியவில்லை என்றால் 'சிஸ்டம் தம்பி'க்கு போன் போகும். அவர் வருவார், கறுப்புத் திரையில் ஏதோ தட்டுவார், நாலு எண்களை மாற்றுவார், பிரின்ட் வந்துவிடும். பணத்தை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். என்ன செய்தார் என்று யாரும் கேட்பதில்லை. அவரும் சொல்வதில்லை.

அந்த நாலு எண்கள்தான் ஐ.பி. முகவரி. அது புரியாததால் ஓர் அலுவலகம் இரண்டு நாள் முடங்கியது. புரிந்ததால் ஒரு பெண்ணின் மரியாதை மீண்டது.

17-ம் தேதி மாட்டிய புதுப் பெட்டி

திருச்சி தில்லைநகரில் மாடியில் இயங்கும் ஓர் ஆடிட்டர் அலுவலகம் அது. ஏழு கம்ப்யூட்டர்கள். அதில் ஒன்றுக்கு 'சர்வர்' என்று பெயர். பெயர்தான் பெரிது, அதுவும் சாதாரண கம்ப்யூட்டர்தான். ஆனால் எல்லா வாடிக்கையாளர்களின் கணக்கும் அதில்தான் இருக்கிறது. மற்ற ஆறு பேரும் அவரவர் இடத்தில் உட்கார்ந்தபடியே அதைத் திறந்து வேலை பார்ப்பார்கள். எல்லோருக்கும் பொதுவாக ஒரு பிரின்டர். வாசலில் விரல் வைக்கும் வருகைப் பதிவு மெஷின். மூலையில் கேமரா பெட்டி.

அங்கே 19 வருடங்களாக வேலை பார்க்கிறார் அந்த அக்கா. பி.காம் முடித்தவர், டைப்ரைட்டிங்கில் ஹையர். எந்த வாடிக்கையாளரின் எந்தப் பில் எந்த ஃபைலில் இருக்கிறது என்று பார்க்காமலேயே சொல்வார். ஆனால், கம்ப்யூட்டர் மக்கர் செய்தால் மட்டும் எல்லோர் பார்வையும் அவர் பக்கம்தான் திரும்பும். "அக்கா, நீங்க எதையாச்சும் அமுக்கினீங்களா?"

ஒரு மாதம் 17-ம் தேதி சாயங்காலம், பழைய இணைய இணைப்பை எடுத்துவிட்டுப் புது ஃபைபர் இணைப்பு போட்டார்கள். வந்த பையன் வெள்ளைப் பெட்டி ஒன்றைச் சுவரில் மாட்டினார். பழைய பெட்டியில் இருந்த வயரைப் பிடுங்கிப் புதியதில் சொருகினார். தன் போனில் ஒரு வீடியோவை ஓட்டிக் காட்டி, "ஸ்பீடு பார்த்தீங்களா மேடம்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அன்று அலுவலகத்தைக் கடைசியாகப் பூட்டியது அக்கா.

மறுநாள் காலை ஆறு கம்ப்யூட்டர்களிலும் இணையம் பறந்தது. ஆனால், கணக்கு ஃபோல்டர் திறக்கவில்லை. பிரின்டர் 'ஆஃப்லைன்' என்றது. சர்வரில் கணக்கு திறந்தது, அதில் இணையம் இல்லை. எல்லா வயரும் ஒழுங்காகத்தான் இருந்தன. எல்லா விளக்கும் பச்சையாகத்தான் எரிந்தன.

ஃபைபர் பையனுக்கு போன் போட்டால், "நெட் வருதுல்ல மேடம்? எங்க சைடு எல்லாம் ஓகே" என்றார். வழக்கமாக வரும் சிஸ்டம் தம்பி எட்டு மாதங்களுக்கு முன்பே சிங்கப்பூர் போய்விட்டார். பக்கத்துக் கடையிலிருந்து வந்த ஒருவர் பத்து நிமிடம் பார்த்துவிட்டு, "சர்வர் பழசாயிடுச்சு சார், புதுசு போட்டுடலாம். நாப்பதாயிரத்துல முடிச்சுடலாம்" என்றார்.

ஆடிட்டர் சார் கேட்டது ஒரே கேள்வி. "நேத்து கடைசியா நீதானேம்மா பூட்டின... என்ன அமுக்கின?"

தேதி 18. 20-ம் தேதிக்குள் மாதாந்தர ஜிஎஸ்டி 3பி ரிட்டர்ன்களைப் போட்டாக வேண்டும். தாமதமானால் ஒரு ரிட்டர்னுக்கு நாளொன்றுக்கு 50 ரூபாய் கட்டணம். வரி பாக்கி இருந்தால் அதற்கு ஆண்டுக்கு 18 சதவிகித வட்டி. அது வாடிக்கையாளர் தலையில் விழும். அவர் கோபம் அலுவலகத்தின் தலையில் விழும்.

அன்று முழுக்க பென் டிரைவில் வண்டி ஓடியது. சர்வரிலிருந்து எடுத்து வந்து, பதிவு போட்டு, திரும்பக் கொண்டுபோய் வைப்பது. சாயங்காலம் பார்த்தால் ஒரே நிறுவனத்தின் கணக்கு இரண்டு பிரதிகளாக நின்றது. ஒன்றில் கொள்முதல் பதிவு இருக்கிறது, இன்னொன்றில் விற்பனைப் பதிவு இருக்கிறது. இரண்டையும் சேர்த்துச் சரிபார்த்துவிட்டு அக்கா வீட்டுக்குப் போனபோது மணி ஒன்பது.

ஒரு காகிதத்தில் இரண்டு வரி

19-ம் தேதி அவர் ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்தார். சிஸ்டம் தம்பி பக்கத்தில் நின்று இத்தனை வருடம் பார்த்ததில் ஒன்று ஞாபகம் இருந்தது. தேடும் கட்டத்தில் சிஎம்டி என்று அடித்தால் கறுப்புத் திரை வரும். அதில் 'ஐபி கான்ஃபிக்' என்று இடைவெளி விடாமல் ஆங்கிலத்தில் அடித்து என்டர் தட்டினால், அந்தக் கம்ப்யூட்டரின் முகவரி வரும். இது எதையும் மாற்றாத கட்டளை. பார்ப்பதற்கு மட்டும்தான். அதனால் யாரும் பயப்படாமல் தட்டலாம்.

சர்வரில் தட்டினார். ஒரு பழைய செலான் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டார்: 192.168.1.10. தன் கம்ப்யூட்டரில் தட்டினார்: 192.168.0.4. பிரின்டரின் சின்னத் திரையில் மெனுவைத் தேடிப் பிடித்தார்: 192.168.1.50.

மூன்று எண்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதியதும், கூட்டல் சரிபார்த்தே பழகிய கண்ணுக்குச் சட்டென்று பட்டது. சர்வருக்கும் பிரின்டருக்கும் மூன்றாவது இடத்தில் 1. தன்னுடையதில் 0.

அப்போது உள்ளே வந்த ஆர்ட்டிகிள் பயிற்சி மாணவரிடம் காகிதத்தைக் காட்டினார். "தம்பி, இது ஏன் இப்படி இருக்கு?"

அவர் போனில் கொஞ்சம் தேடிப் பார்த்துவிட்டுச் சொன்னார். "அக்கா, கீழே சப்நெட் மாஸ்க்னு 255.255.255.0 இருக்குல்ல? அப்படின்னா முதல் மூணு நம்பரும் ஒண்ணா இருந்தாத்தான் ஒரே குரூப்பாம். கடைசி நம்பர் மட்டும்தான் ஆளுக்கு ஆள் மாறணுமாம்."

"பின்கோடு மாதிரியா?"

ஏறக்குறைய அதேதான். 620 என்று தொடங்கினால் திருச்சி, 625 என்றால் மதுரை என்று கவரைப் பார்த்ததும் சொல்கிறோம் அல்லவா? முதல் மூன்று இலக்கங்கள் பகுதியைச் சொல்லும், மிச்சம் அந்தப் பகுதிக்குள் இருக்கும் தபால் நிலையத்தைச் சொல்லும். அப்படித்தான் 192.168.1 என்பது ஒரு பகுதி, 192.168.0 என்பது வேறு பகுதி. ஒரே அறையில், ஒரே மேஜையில், ஒரே வயரில் இருந்தாலும், பகுதி வேறு என்றால் கம்ப்யூட்டரும் பிரின்டரும் நேரடியாகப் பேசிக்கொள்ளாது.

நடந்தது இதுதான். பழைய பெட்டியின் முகவரி 192.168.1.1. அது இருந்த காலத்தில் சர்வருக்கும் பிரின்டருக்கும் அதே வரிசையில் நிரந்தர எண்களைப் பதித்து வைத்திருந்தார் சிஸ்டம் தம்பி. புதுப் பெட்டியோ 192.168.0.1 என்ற முகவரியோடு வந்தது. ஆறு கம்ப்யூட்டர்களும் அதனிடம் புது வரிசையில் எண் வாங்கிக்கொண்டன. சர்வரும் பிரின்டரும் பழைய எண்ணோடு அப்படியே நின்றன. தெருவுக்கே புது எண் கொடுத்த பிறகும் இரண்டு வீடுகள் மட்டும் பழைய எண் பலகையைக் கழற்றாமல் இருந்தால் என்ன ஆகுமோ, அதுதான்.

யாரும் எதையும் அமுக்கவில்லை. சர்வரும் பழுதாகவில்லை.

லாட்ஜ் அறையும் சொந்த வீடும்

ஓர் அலுவலகத்தில் கம்ப்யூட்டர்களுக்கு முகவரி கிடைக்க இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி, தானாகக் கிடைப்பது. இதற்கு டிஹெச்சிபி என்று பெயர். லாட்ஜில் போய் நின்றால் ரிசப்ஷனில் காலியாக இருக்கும் ஓர் அறையின் சாவியைக் கொடுப்பார்களே, அப்படி. கம்ப்யூட்டரோ போனோ இணைந்ததும், சுவரில் இருக்கும் ரவுட்டர் காலியாக உள்ள ஓர் எண்ணைக் குறிப்பிட்ட காலத்துக்குக் கொடுக்கும். இன்று 23 கிடைக்கலாம், ஒரு வாரம் லீவு விட்டு வந்தால் 31 கிடைக்கலாம். வந்து போகும் போன்களுக்கும் லேப்டாப்களுக்கும் இதுவே போதும்.

இரண்டாவது வழி, நிரந்தர முகவரி. சொந்த வீடு மாதிரி. நாம் யாரைத் தேடிப் போகிறோமோ அவர்களுக்கு இது வேண்டும். எல்லோரும் தேடி வருவது சர்வரையும் பிரின்டரையும்தான். அவை லாட்ஜில் அறை மாறிக்கொண்டே இருந்தால் தேடி வருகிறவர்கள் காலி அறையைத் தட்டுவார்கள். 'நேத்து வந்த பிரின்ட் இன்னிக்கு வரலை' என்பதற்குப் பல அலுவலகங்களில் இதுவும் ஒரு காரணம்.

நிரந்தர எண்ணை அந்தக் கருவியிலேயே பதிக்கலாம். அல்லது ரவுட்டருக்குள் போய், 'இந்தப் பிரின்டர் வந்தால் எப்போதும் இந்த எண்ணையே கொடு' என்று ஒதுக்கி வைக்கலாம். ஒவ்வொரு கருவிக்கும் தயாரிக்கும்போதே பதிந்து வரும் 'மேக்' எண்ணை வைத்து ரவுட்டர் அதை அடையாளம் கண்டுகொள்ளும்.

ஒரு எச்சரிக்கை. ரவுட்டர் தானாகக் கொடுக்கும் எண்களுக்கு நடுவே ஒன்றை எடுத்து பிரின்டரில் பதித்துவிட்டால், ஒருநாள் ரவுட்டர் அதே எண்ணை வேறொரு போனுக்கும் கொடுத்துவிடக் கூடும். ஒரே எண்ணில் இரண்டு வீடு! அன்றைக்கு பிரின்ட் ஒரு நிமிடம் வரும், மறு நிமிடம் வராது. கண்டுபிடிக்கக் கஷ்டமான கோளாறுகளில் இது ஒன்று.

ஏன் எல்லா ஆபீஸிலும் 192.168?

உங்கள் வீட்டு ரவுட்டரிலும் இதே எண்தான் இருக்கிறதே என்று தோன்றலாம். இருக்கும். அதற்கு ஒரு கதை உண்டு.

இன்று நாம் பயன்படுத்தும் நான்கு எண் முகவரி முறை 1981-ல் வகுக்கப்பட்டது. ஒவ்வோர் இடத்திலும் 0 முதல் 255 வரை வரலாம். மொத்தம் சுமார் 429 கோடி முகவரிகள். அன்றைக்கு அது தீராத கடல். இன்று உலக மக்கள்தொகையே 800 கோடியைத் தாண்டிவிட்டது. ஒருவர் கையிலேயே போன், லேப்டாப், டிவி என்று மூன்று கருவிகள். 2011 பிப்ரவரியில் உலக அளவிலான பொதுக் கையிருப்பு தீர்ந்தே போனது. இதற்காகத்தான் மிக நீளமான ஆறாம் பதிப்பு முகவரிகள் வந்து இரண்டும் சேர்ந்து ஓடிக்கொண்டிருக்கின்றன.

அதற்கு முன்பே ஒரு சிக்கன வழியைக் கண்டுபிடித்திருந்தார்கள். 1990-களில் சில எண் வரிசைகளை 'உள் உபயோகத்துக்கு மட்டும்' என்று ஒதுக்கினார்கள். 10 என்று தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரை தொடங்குபவை, 192.168 என்று தொடங்குபவை. இவற்றை யார் வேண்டுமானாலும் தங்கள் சுவருக்குள் வைத்துக்கொள்ளலாம். எல்லா அபார்ட்மென்டிலும் எஃப்-1 வீடு இருக்கிறது, அதனால் குழப்பம் வருவதில்லையே! வெளியுலகத்துக்குத் தெரிவது அபார்ட்மென்டின் தெரு முகவரி மட்டும். உள்ளே வந்த பார்சலை எந்த வீட்டில் சேர்க்க வேண்டும் என்று பார்த்துக்கொள்ளும் வாட்ச்மேன்தான் ரவுட்டர்.

இந்த எண்களின் வரலாற்றில் ஒரு மனிதரைச் சொல்லியாக வேண்டும். அமெரிக்கக் கணினி அறிஞர் ஜான் போஸ்டல். இணையம் குழந்தையாக இருந்த நாளிலிருந்து 1998-ல் இறக்கும்வரை, எந்த எண் யாருக்கு என்ற பட்டியலைப் பராமரித்தவர். உலக இணையத்துக்கே, யாருக்கு எந்த எண் என்று பொறுப்பாகக் குறித்து வைக்க ஓர் ஆள் தேவைப்பட்டார். தில்லைநகர் அலுவலகத்தில் இல்லாமல் போனதும் அந்தக் குறிப்புதான்.

இருபது நிமிட வேலை

அக்காவும் தம்பியும் சார் வந்ததும் காகிதத்தைக் காட்டினார்கள். சர்வர், பிரின்டர், வருகைப் பதிவு மெஷின், கேமரா பெட்டி என்று நாலையும் புது வரிசைக்கு மாற்றலாம். அல்லது புதுப் பெட்டி ஒன்றை மட்டும் பழைய வரிசைக்கு மாற்றலாம். "நாலு பேரை வீடு மாத்தச் சொல்றதுக்கு, ஒருத்தரை மாத்துறது சுலபம்தானே சார்?" என்றார் அக்கா.

பெட்டியின் அடிப்பக்க ஸ்டிக்கரில் பயனர் பெயரும் பாஸ்வேர்டும் இருந்தன. பிரவுசரில் 192.168.0.1 என்று அடித்ததும் அதன் உள்பக்கம் திறந்தது. எதையும் தொடுவதற்கு முன், இருந்ததை இருந்தபடியே போனில் படம் எடுத்துக்கொண்டார்கள். பிறகு 'லேன்' என்ற பகுதியில் பெட்டியின் முகவரியை 192.168.1.1 என்று மாற்றினார்கள். தானாகக் கொடுக்க வேண்டிய எண்களை 100-ல் தொடங்கி 199-ல் முடித்தார்கள். சேமித்ததும் பெட்டி அணைந்து எரிந்தது. ஆறு கம்ப்யூட்டர்களையும் ஒருமுறை ரீஸ்டார்ட் செய்தார்கள்.

கறுப்புத் திரையில் 'பிங்' என்று அடித்து, இடைவெளி விட்டு பிரின்டரின் எண்ணை அடித்தார் தம்பி. 'இருக்கிறாயா?' என்று கதவைத் தட்டிக் கேட்கும் கட்டளை அது. நாலு முறை பதில் வந்தது. கணக்கு ஃபோல்டர் திறந்தது. சர்வரில் இணையம் வந்தது. முந்தின நாளிலிருந்து காத்திருந்த 11 பக்கங்களையும் பிரின்டர் ஒரே மூச்சில் தள்ளியது.

சார் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நாப்பதாயிரம் கேட்டான்ல..." என்றார். அதுதான் அவர் மன்னிப்பு. அக்காவுக்கு அது புரிந்தது. ஆனாலும் ஒன்றைச் சொல்லிவிட்டார். "சார், அடுத்த தடவை என்ன ஆச்சுன்னு கேளுங்க. என்ன அமுக்கினேன்னு கேக்காதீங்க."

20-ம் தேதி மாலைக்குள் எல்லா ரிட்டர்ன்களும் போய்ச் சேர்ந்தன.

உங்கள் ஆபீஸுக்கும் ஒரு நோட்டு

அந்த வாரமே ஒரு 40 பக்க நோட்டு வந்தது. அதில் அக்கா எழுதி வைத்திருப்பதை எந்தச் சின்ன அலுவலகமும், கடையும், டியூஷன் சென்டரும் அப்படியே பின்பற்றலாம்.

முதல் பக்கத்தில் எண் வரிசை. 1 என்பது ரவுட்டர். 10 முதல் 19 வரை சர்வர். 50 முதல் 59 வரை பிரின்டர்கள். 60 முதல் 69 வரை கேமராவும் வருகைப் பதிவும். 100 முதல் 199 வரை ரவுட்டர் தானாகக் கொடுப்பது. கடைசி இடத்தில் 0, 255 இரண்டையும் யாருக்கும் கொடுக்கக் கூடாது. மிச்சம் 254 எண்கள் இருக்கின்றன. சின்ன அலுவலகத்துக்கு அது தாராளம்.

இரண்டாம் பக்கத்தில் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு வரி. பெயர், எந்த மேஜை, நிரந்தர எண்ணா தானாகவா, மாற்றிய தேதி, மாற்றியவர் யார். அதே எண்ணை ஸ்டிக்கரில் எழுதி பிரின்டரின் நெற்றியிலும் ஒட்டியாயிற்று.

மூன்றாம் பக்கத்தில் அவசரக் குறிப்புகள்.

'முகவரி 169.254 என்று தொடங்கினால், அந்தக் கம்ப்யூட்டர் கேட்டும் யாரும் எண் கொடுக்கவில்லை என்று அர்த்தம். முதலில் வயரையும் ரவுட்டரையும் பார்க்கவும்.'

'இரண்டு கம்ப்யூட்டர்கள் பேசவில்லை என்றால், இரண்டிலும் முகவரியை எடுத்து ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதவும். முதல் மூன்று எண்களும் ஒன்றா என்று பார்க்கவும்.'

'வைஃபை எட்டவில்லை என்று யாரும் வீட்டிலிருந்து பழைய ரவுட்டரைக் கொண்டுவந்து சொருகக் கூடாது.' இதற்குக் காரணம் உண்டு. அதுவும் தன் பங்குக்கு எண் கொடுக்க ஆரம்பித்துவிடும். ஒரே லாட்ஜில் இரண்டு ரிசப்ஷன் இருந்தால் பாதிப் பேர் ஒரு வரிசையிலும் மீதிப் பேர் வேறு வரிசையிலும் நிற்பார்கள். அப்படிச் சேர்க்கத்தான் வேண்டும் என்றால், அந்த ரவுட்டர் தானாக எண் கொடுப்பதை முதலில் நிறுத்த வேண்டும்.

'இணைய நிறுவனம் மாறினால், பழைய பெட்டியைக் கழற்றும் முன் அதன் எண்ணைக் குறித்துக்கொள்ளவும். மாட்ட வருகிறவர் கிளம்பும் முன், இணையம் மட்டுமல்ல, ஃபோல்டரும் பிரின்டரும் வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டே அனுப்பவும்.'

ரவுட்டருக்குள் நுழையும் பாஸ்வேர்டை ஸ்டிக்கரில் இருந்தபடியே விட்டுவைக்கவில்லை, மாற்றிவிட்டார்கள். வாசலில் காத்திருக்கும் வாடிக்கையாளர்களுக்குத் தனி விருந்தினர் வைஃபை. அடுத்தவர் கணக்கு இருக்கும் இடத்தில் எல்லோர் போனும் நுழையக் கூடாது அல்லவா? புது பாஸ்வேர்டு நோட்டில் இல்லை. அது சார் பீரோவில், ஒட்டிய கவருக்குள் இருக்கிறது.

சிங்கப்பூர் தம்பி மேல் அக்காவுக்கு வருத்தம் எதுவும் இல்லை. நல்ல வேலைக்காரர். எல்லாவற்றையும் சரியாகத்தான் செய்து வைத்திருந்தார். எழுதி மட்டும் வைக்கவில்லை. எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும் என்று அலுவலகத்துக்கும் தோன்றவில்லை. நாளைக்குத் தானும் ஓய்வு பெறலாம், உடம்பு சரியில்லாமல் படுக்கலாம் என்று யோசித்துத்தான், நோட்டின் ஒவ்வொரு வரியையும் புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைக்கும் புரிகிற மாதிரி தமிழில் எழுதியிருக்கிறார்.

இப்போது அந்த நோட்டு, ஈ.பி. கார்டும் சொத்து வரி ரசீதும் இருக்கும் அதே ஃபைலில் இருக்கிறது. அட்டையில் 'நம்பர் நோட்டு' என்று பெரிய எழுத்து. அதன் கீழே சின்னதாக ஒரு வரி: 'மாற்றுகிறவர் இதில் எழுதிவிட்டு மாற்றவும்.'